நீராரைக்கு ஒரு பல்

ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறீர்கள், நல்லது. இருபத்தாறு வருடம் அந்துருண்டை வாசத்திலேயே உட்கார்ந்து வேலை பார்த்தவனுக்கு வெறும் காற்றே பெரிய உபசாரம். நீங்கள் எழுதுகிற வேகத்துக்கே பேசுகிறேன். விசாரணை அதிகாரிக்குக் கை வலித்தது என்ற பழியும் என் மேல் வரவேண்டாம்.

நான் உலர்தாவரக் காப்பகத்தில் வகைப்பாட்டாளன். சிலபேர் யாரைப் பார்த்தாலும் "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார்களே, அதையே நான் சம்பளத்துக்குக் கேட்டேன், செடிகளிடம். காயவைத்து, தாளில் தைத்து, இன்ன குடும்பம், இன்ன இனம் என்று சீட்டு ஒட்டுவேன். என் மனைவிக்கும் அதே வேலை, எதிர்மேஜை.

நீராரையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குட்டைகளில் கிடக்கும். ஒரு காம்பு, உச்சியில் நாலு இலை. அது பெரணி இனம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அதன் இலையை நம்பவே கூடாது. தண்ணீரில் இருந்தால் நீளக் காம்போடு மிதக்கும். சேற்றில் இருந்தால் குட்டையாகி முடி வளர்த்துக்கொள்ளும். இலையைப் பார்த்து இனம் சொல்கிறவன், சட்டையைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்கிறவன். பூவும் கிடையாது, விதையும் கிடையாது. தண்ணீர் வற்றும்போது காம்படியில் மிளகளவு ஒரு கூடு வரும். அந்தக் கூட்டின் தோளில் இரண்டு பல். லென்ஸ் வைத்தால்தான் தெரியும். மேல் பல் எவ்வளவு நீளம் என்பதில்தான் எங்கள் சண்டை சச்சரவு எல்லாம்.

செங்கல் சூளைச் சுவருக்குப் பின்னால் ஒரு குட்டை இருந்தது. அங்கே கிடைத்த நீராரைக்கு மேல் பல் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. புது இனம் என்று எழுதினேன், அச்சிலும் வந்தது. எதிர்மேஜைப் பெண்ணின் பெயருக்கு ஒரு இலத்தீன் வால் வைத்து அதற்குச் சூட்டினேன். அப்போது எங்களுக்குத் திருமணம் ஆகவில்லை. மற்றவர்கள் பூக் கொடுப்பார்கள், அது சாயங்காலத்துக்குள் வாடிவிடும். நான் பூவே பூக்காத செடியைக் கொடுத்தேன்.

அவள் லென்ஸை எடுத்து வெகுநேரம் பார்த்தாள்.

"பல்லு நீளந்தான். ஆனா ஒரே ஒரு குட்டையிலதானே பாத்திருக்கீங்க?"

"ஒண்ணு போதாதா?"

"கல்யாணத்துக்குப் போதும். இனத்துக்குப் போதாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அதன்பின் பத்தொன்பது வருடம் ஒரு குறையுமில்லை. ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அவள் தன் பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவள். குடையைப் பேருந்தில் விடுவாள், சாவியைக் கதவிலேயே விடுவாள். பின்னாலேயே போய் எடுத்து வைப்பது என் பொறுப்பு.

ஒருநாள் மாடியில் பன்னிரண்டு தொட்டிகளை இறக்கினாள். எல்லாவற்றிலும் அந்தக் குட்டையின் செடி. ஆறு வெயிலில், ஆறு தண்ணீர்த் தொட்டியின் நிழலில். இரண்டு வருடம் பிள்ளை வளர்ப்பதுபோல வளர்த்தாள். ஒரு காலை, நான் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, கோச்சுக்காதீங்க. அது புது இனமே இல்ல. சாதாரண நீராரைதான். வெயில்ல வச்சா பல்லு குட்டையாயிடுது. அந்தச் சுவரோட நிழல்ல கிடந்து நீண்டிருக்கு, அவ்வளவுதான். நான் எழுதி அனுப்பப்போறேன்."

"உன் பேரு போயிடும்மா."

"பேரு எங்கிட்டதானே இருக்கு? அது எங்க போகும்?"

எனக்குக் கோபம் வரவில்லை. மீதிக் கன்னத்தையும் நிதானமாகச் சவரம் செய்தேன். மறுபடியும் குடையை விட்டுவிட்டு இறங்குகிறாள் என்று மட்டும் தோன்றியது.

அவள் ஒரு வாரம் வெளியூர்ப் பயிற்சிக்குப் போனாள். அந்த வாரத்தில் வெயில் தொட்டிகள் ஆறையும் காலி செய்து, சாலையோரச் சாக்கடையிலிருந்து வேறொரு நீராரை இனத்தைக் கொண்டுவந்து நட்டேன். இலையில் வித்தியாசம் தெரியாது என்று முன்பே சொன்னேன் அல்லவா. நன்றாகவே வேர் பிடித்தன. எனக்குக் கைராசி உண்டு. பிறகு அவள் கட்டுரை அனுப்பிய இதழுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போட்டேன். தொட்டிகளை நேரில் பார்த்தால் நல்லது என்று ஒரே ஒரு வரி. மரியாதையான வரி.

மூன்றுபேர் வந்தார்கள். காயவிட்டு, கூடு வந்ததும் அறுத்துப் பார்த்தார்கள். ஆறு தொட்டியில் ஒரு இனம், ஆறு தொட்டியில் வேறு இனம். முதல் வருட மாணவர்கூடச் செய்யாத பிழை என்று எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் தலைவரை நாங்கள் பசைப்புட்டி என்போம், நாற்காலியோடு ஒட்டியவர். அன்று அவரே எழுந்து வந்து, "கண்ணை ஒருதடவை காட்டிடுங்கம்மா" என்று அவளிடம் தணிந்த குரலில் சொன்னார். மறுவாரம் அவளைத் தபால் பதிவேட்டுக்கு மாற்றினார்கள்.

கண் மருத்துவரிடம் நான்தான் கூட்டிப்போனேன். வழி முழுக்க அவள் கையைப் பிடித்திருந்தேன். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று மருத்துவர் என்னிடம் சொன்னார். நான் அவளிடம் வேறு மாதிரி சொல்லி, வெறும் கண்ணாடியை நல்ல சட்டத்தில் போட்டு வாங்கிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். "இப்ப கொஞ்சம் தெளிவா இருக்குங்க" என்றாள். அவள் முகத்தில் அந்த நிம்மதியைப் பார்த்தபோது எனக்கும் மனசு லேசாகிவிட்டது.

அதன்பின் வீட்டில் நாங்கள் இன்னும் நெருக்கமானோம். சமையலறையிலிருந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருவாள். "இது உப்பா, சர்க்கரையா? நீங்க பாத்துச் சொல்லுங்க." நான் பார்த்துச் சொல்வேன். ஒருதடவைகூட மாற்றிச் சொன்னதில்லை.

குட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். அதை மூடிக் கட்டடம் கட்ட அனுமதி கேட்டிருந்தார்கள். அரிய தாவரம் ஏதும் உண்டா என்று எங்களிடம் அறிக்கை கேட்டார்கள். இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். உலகத்தில் அந்த இனம் அங்கே மட்டும்தான் என்று எழுதியவனும் நான்தான் என்கிறீர்கள். உண்மை. ஆனால் அவை இரண்டும் வேறு வேறு கோப்புகள், ஒன்றையொன்று சந்திப்பதில்லை. மூன்று நாளில் மண்ணடித்து மூடினார்கள். இனி யாரும் அள்ளிக்கொண்டுபோய்த் தொட்டியில் வைக்க முடியாது. அவள் பெயர் என் அலமாரியில், ஒரே தாளில், பத்திரமாக இருந்தது.

கணக்கில் விட்டது என் மச்சினியை. பல் மருத்துவமனையில் செயற்கைப் பல் கட்டுகிறவள். செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பல் என்ற வார்த்தை காதில் விழுந்தால் விடமாட்டாள்.

"அக்கா கண்ணுல கோளாறுன்னா, நான் அளந்து பாக்குறேன் அத்தான். பல்லு பல்லுதானே?"

அளப்பதற்குச் செடி ஏது என்று நான் நிம்மதியாக இருந்தேன். ஆனால் இனத்தை அறிவித்த வருடம் பெருமைக்காக இன்னொரு காப்பகத்துக்கும் செடி தைத்த தாள் ஒன்று அனுப்பியிருந்தேன். மச்சினி அவர்களுக்குக் கடிதம் எழுதி இரண்டு கூடு வாங்கிவிட்டாள். இருபது வருடத்துக்கு மேல் காய்ந்த கூடு. மேலோட்டைக் கத்தியால் லேசாகக் கீறித் தண்ணீரில் போட்டால் உயிர் வந்துவிடும். நீராரைக்கு அந்தப் பிடிவாதம் உண்டு. அக்காவும் தங்கையும் அதை மச்சினி வீட்டில் வளர்த்து, ஒரே கொடியை இரண்டாக வெட்டி, ஒன்றை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் வைத்திருக்கிறார்கள். எட்டு மாதம் எனக்குத் தெரியாது. பல்லை அளக்கும் கருவியால் மச்சினி அளந்தாள். வெயிலில் குட்டை, நிழலில் நீளம். என் மனைவி சொன்னது அப்படியே.

அதன்பிறகுதான் கண்ணாடியைக் கொண்டுபோய்க் கடையில் காட்டியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தவள் கத்தவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"உப்பு எது, சர்க்கரை எதுன்னுகூட உங்ககிட்ட கேட்டேனேங்க."

"எல்லாம் உன் பேருக்காகத்தான்."

"கட்டுரை எழுதுனவ பேரும் எம்பேருதானே. அதை ஏன் காப்பாத்தலை?"

பாவம், வகைப்பாட்டில் அவளுக்கு எப்போதுமே கொஞ்சம் குழப்பம் உண்டு. அன்றே தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது குடை, சாவி, ஒன்றையும் மறக்கவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். தொட்டிகளை மாற்றியது நான். கடிதம் போட்டது நான். கண்ணாடி வாங்கியது நான். குட்டைக்குக் கையெழுத்துப் போட்டதும் நான். அவள் அந்த இனத்தை ரத்துசெய்து எழுதிய கட்டுரை அச்சாகிவிட்டதாகச் சொன்னீர்கள். தன் பெயரைத் தானே அடித்துவிட்டாள். வருத்தம்தான், ஆனால் அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, மன்னித்துவிட்டேன். அவள் நேரில் வந்து கேட்கக்கூட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.