மொத பெஞ்சுல பச்சப் பொடவ

தமாஷுன்னு சொல்லணுமாம், தமாஷுன்னு. நல்லா இருக்குதுண்ணே. எட்டு வயசுலேருந்து மேடயில வுழுந்து எழுந்து நாலு பேர சிரிக்க வச்சிப் பொழைக்கிறவ நானு. எது தமாஷு, எது தமாஷு இல்லன்னு இந்த அம்சவல்லிக்குப் பாடம் எடுக்கறதுக்கு கம்மாபுரத்துலேருந்து பஸ்ஸேறி வந்திருக்கீங்க. அதுவும் யாரு, தருமகர்த்தா கொளஞ்சியப்பன். வெள்ளாவி வச்ச வேட்டி என்னா, நெத்தி நெறைய துன்னூறு என்னா... ஐயய்ய, அந்த நாக்காலி வேணாம்ண்ணே, அதுக்கு ஒரு காலு ஆடும். அது நான் மேடயில வுழுவறதுக்குன்னு செஞ்சி வச்சது. நான் வுழுந்தா கைத்தட்டுவாங்க, நீங்க வுழுந்தா கேசாயிடும். இப்பிடி இந்த பெஞ்சுல ஒக்காருங்க. பெஞ்சுன்னதும் ஏன் உங்க மூஞ்சி ஒரு மாதிரி போவுது? இருக்கட்டும், அதுக்கு அப்பறமா வரன்.

டீயக் குடிங்க, ஆறிடப் போவுது. நீலாவதி போட்டதுதான். குடிச்சா ஒண்ணும் ஒட்டிக்காது.

எனக்கு என்னா வயித்தெரிச்சல்னா... காலயில கெணத்தடியில குளிச்சிக்கிட்டு இருக்கறன், ‘மாசித் திருவிழா நாடகத்துக்கு சிரிப்பு ராணி அம்சவல்லிதான் வரணும்னு ஊருல ஒரே பிடிவாதம்’னு உங்க கொரலு கேக்குது. ஒடம்பெல்லாம் சில்லுன்னு போச்சி எனக்கு. ரெண்டு வருஷமாச்சிண்ணே, இந்த வூட்டு வாசல்ல ஒரு தாம்பூலத் தட்டு வந்து. தலயக்கூட தொவட்டாம ஓடியாறன். பாத்தா தட்டு வந்திருக்குது, வெத்தல பாக்கு இருக்குது, தேங்கா இருக்குது, அட்வான்சு கவரு இருக்குது. கொளஞ்சியப்பண்ணன் மனுஷன்டா அப்பிடின்னு மனசுக்குள்ள சொல்லி வாய மூடல, ‘ஒரு சின்ன விஷயம்மா’ன்னு ஆரம்பிச்சீங்க. மேடயில ஏறுனதும் மைக்கப் புடிச்சி, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நான் சொன்னது சும்மா தமாஷுக்குன்னு ஒரு வார்த்த சொல்லிடணும். அவ்வளவுதான். சின்ன விஷயம். இம்மாம் சின்ன விஷயத்த மென்னு முழுங்கிச் சொல்றதுக்கு உங்களுக்கே ஒரு டம்ளர் தண்ணி தேவப்பட்டுது.

தமாஷ நான் எங்க கத்துக்கிட்டன்னு தெரியுமா? எங்கம்மா நாடக செட்டுல என்னயக் கொண்டாந்து உட்டப்ப ராணி வேஷம், தோழி வேஷமெல்லாம் செவப்பா இருக்கறதுங்களுக்குப் போயிடுச்சி. வாத்தியாரு என் தாடயப் புடிச்சி இப்பிடியும் அப்பிடியும் திருப்பிப் பாத்தாரு. மூக்கு சப்ப, வாயி பெருசு, இவ பபூனுக்கு ஆவுவான்னாரு. எம் மூஞ்சிக்கு மொதமொதல்ல மரியாத குடுத்தது அந்த மனுஷந்தான்.

அப்பறம் மெட்ராசு, சினிமா. ஆமாங்க, நடிச்சிருக்கறன். கதாநாயகி ஆத்தங்கரையில பாட்டு பாடுறப்ப பின்னால ஒருத்தி கொடத்தோட வழுக்கி வுழுவா பாருங்க, அவதான் நானு. எம்மாம் படம்னு கேக்காதீங்க, எல்லாப் படத்துலயும் ஒரே கொடம். ஒரு கம்பெனி மேனேசரு, பத்திரிக்கையில போடணும், கல்யாணம் எப்பம்மான்னு கேட்டாரு. எனக்குப் புருஷன் வேணாங்க, நல்ல பொண்டாட்டியா கெடச்சா சொல்லி அனுப்புங்கன்னன். மனுஷன் வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிக்கிறாரு. மறுநாளு எனக்கு இன்னொரு சீனு சேத்துக் குடுத்தாரு. அன்னிக்கித்தான் எனக்கு வெளங்குச்சி. வேஷத்தக் கட்டிக்கிட்டு சொன்னா எந்த நெசத்தயும் சொல்லலாம், மேல கூலியும் போட்டுக் குடுப்பாங்க.

எங்க பாக்குறீங்க? வாசப்படி அங்கியேதான் இருக்கும், எங்கியும் ஓடிடாது.

அந்த மெட்ராசுலதான் ட்ரம்பெட்டு ஊதுற சட்டக்காரரு ஒருத்தரு, ஆங்கிலோ இண்டியன்னுவாங்கள்ல, நான் வேல இல்லாத நேரத்துல சும்மா பாடிக்கிட்டு இருந்ததக் கேட்டுட்டு, மவுண்ட் ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய ஓட்டலுக்கு இழுத்துக்கிட்டுப் போனாரு. ஜாஸுன்னு பேரு அந்தப் பாட்டுக்கு. எனக்கு இங்கிலீசுல ஒரு எழுத்து தெரியாது, அவுரு சொல்லச் சொல்ல அப்பிடியே மனசுல ஏத்திக்கிட்டன். ஒரு தடவ பாடுன மாதிரி மறு தடவ பாடக்கூடாதாம். மனசு போற பக்கம் இழுத்துக்கிட்டே போவணுமாம். வார்த்த தீந்துபோச்சின்னா வெறும் சத்தத்த வச்சே பாடணுமாம். இத ஒரு வித்தன்னு சொல்லித் தரீங்களே, எங்க பக்கம் எழவு வூட்டுக்கு வந்து பொம்பளைங்க பாடுறதக் கேளுங்க தொரன்னன். கோட்டு போட்டவங்கெல்லாம் முள்ளுக்கரண்டியக் கீழ வச்சிட்டுக் கேட்டாங்கண்ணே. நான் பாடுறப்ப ஒருத்தரும் சிரிக்கல, அழுதவங்கதான் உண்டு.

அதயெல்லாம் உட்டுட்டு விருத்தாசலத்துல வந்து ஏன் ஒக்காந்தன்னு கேக்குறீங்களா? கேக்கலியா? கேக்காட்டியும் சொல்றன், டீ இன்னம் பாதி இருக்குதுல்ல.

மாசி மகத்துக்கு இங்க ஒரு வாரம் நாடகம் போட வந்தன். கட வீதியில பீங்கான் பொம்ம ஒண்ணு வாங்கனன். ரூமுல வந்து பிரிச்சா, ஒரு கண்ணு வானத்தப் பாக்குது, ஒரு கண்ணு தரயப் பாக்குது. எனக்குத்தான் வாயி சும்மா இருக்காதே, பொம்ம செஞ்ச கம்பெனிக்கே சண்டக்கிப் போயிட்டன். இதுக்குக் கண்ணு வரைஞ்ச மவராசி யாருன்னு கேட்டன். கையில பிரஷ்ஷோட ஒருத்தி எழுந்து நின்னா, நம்ம நீலாவதி. பொம்மயப் பாத்தா, என்னயப் பாத்தா. முந்தாநாளு உங்க நாடகம் பாத்துட்டு வந்து வரைஞ்சதுங்க, நெனச்சி நெனச்சி சிரிச்சதுல கை ஆடிப்போச்சின்னா. சண்ட போடப் போனவ அந்தப் பொம்மயத் திருப்பி வாங்கி மடியில வச்சிக்கிட்டன்ணே. அந்தப் பொம்மதான் அது, உங்க தலைக்கு மேல அலமாரியில இருக்குது பாருங்க. மெட்ராசுக்கு வந்துடுன்னு கேட்டன், எனக்கு இங்க வேல இருக்குது, வரமாட்டன்னா. அதனால நான் வந்துட்டன். கத அவ்வளவுதான்.

நாங்க ஒண்ணா இருக்கறத மூடி மறைக்கல. எதுக்கு மறைக்கணும்? பத்து வருஷமா மைக்கு வச்சில்ல சொன்னன். பபூன் சாமிக்கண்ணு நடு மேடயில நின்னுக்கிட்டு, ‘ஏம்மா, உன் வூட்டுக்காரரு எங்க?’ன்னு கேப்பான். நான் கையத் தூக்கி, ‘அதோ, மொத பெஞ்சுல பச்சப் பொடவ கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்குது பாரு’ன்னுவன். நீலா தலயக் குனிஞ்சிக்குவா. பந்தலே ஆடிப்போவும் சிரிப்புல. ஸ்ரீமுஷ்ணத்துல சிரிச்சாங்க, திட்டக்குடியில சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்கண்ணே, துண்டால கண்ணத் தொடச்சித் தொடச்சிச் சிரிச்சீங்க, நான் மேடயிலேருந்து பாத்தன். நெசத்த எம்மாம் தடவதான் சொல்றது? சொல்லச் சொல்ல ஒன்ஸ்மோர் கேட்டீங்க.

சரி, பெஞ்சுக்கு வரன்.

மொத பெஞ்சு நடிகருங்க குடும்பத்துக்குன்னு போடுறது. எல்லா ஊர்லயும் உள்ள பழக்கம். ரெண்டு வருஷம் முந்தி உங்க ஊருல சாமிக்கண்ணு பொண்டாட்டி ஒக்காந்திருந்துச்சி, ஆர்மோனியக்காரரு சம்சாரம் ஒக்காந்திருந்துச்சி, நீலாவும் ஒக்காந்திருந்தா. யாரோ பெரிய மனுஷன் வூட்டு ஆளுங்களுக்கு எடம் பத்தல. நீங்க நேரா வந்தீங்க, இது குடும்பக்காரங்க ஒக்கார்ற எடம், நீ எந்திரின்னீங்க. நீங்கதாண்ணே. வேற யாருமில்ல, தலயக் குனியாதீங்க. அவ எழுந்து பந்தக்காலுகிட்ட போயி நின்னா.

எனக்கு இதெல்லாம் தெரியாது. சாமிக்கண்ணு வழக்கம்போல கேக்குறான். நானும் கையத் தூக்கிட்டன். பாத்தா அந்த எடத்துல எவளோ ஒருத்தி பட்டுப் பொடவயில ஒக்காந்து முறுக்கு தின்னுக்கிட்டு இருக்கறா. தூக்குன கை அப்பிடியே நிக்குது, கண்ணு தேடுது. கடேசியில கம்பத்தாண்ட பச்சையாத் தெரிஞ்சுது. எங்குடும்பத்த எழுப்பி உட்டது யாருன்னு கேட்டன். புது வசனம்னு நெனச்சி விசிலடிச்சாங்க. சிரிக்காதீங்க, வெளையாட்டுக்குச் சொல்லல, அவதான் எனக்குப் பொண்டாட்டி, அவளக் கொண்டாந்து ஒக்கார வைங்கன்னன்.

அந்த மாதிரி அமைதிய நான் பாத்ததே இல்ல. அம்மாஞ் சனமும் வாய மூடிக்கிச்சி. பெட்ரமாஸ் லைட்டு உஸ்ஸுன்னு எரியற சத்தம் கேக்குது. என் தொழில்ல நான் மேடயில பேசி ஒருத்தரும் சிரிக்காமப் போன ஒரே ராத்திரி அதான்.

அப்பறம் நீங்க போயி அக்கம்பக்கத்து ஊருக்கெல்லாம் சொன்னீங்க. அந்தப் பொம்பளயக் கூப்புடாதீங்க, அவ நெசமாவே அப்பிடித்தானாம். பத்து வருஷமா மைக்குல சொன்னத கண்டுபுடிச்சிட்டீங்க, உங்க மூளைக்கு நெய்வேலியில எஞ்சினியரா எடுத்திருக்கணும். போன வருஷம் வேற செட்ட வச்சி நடத்துனீங்களாம், பபூன் வர்றதுக்குள்ள ஜனங்க பாயச் சுருட்டிக்கிட்டு வூட்டுக்குப் போயிட்டாங்களாம். அதான் இப்ப தட்டோட வந்திருக்கீங்க. ஆளு வேணும், ஆளோட நெசம் வேணாம்.

இருங்க, எங்க எழுந்திருக்கீங்க? முக்கியமான எடமே இப்பதான வருது.

இந்தத் தட்ட யாரு கையில குடுத்தீங்க? சொல்லுங்க. நான் குளிச்சிக்கிட்டுல்ல இருந்தன். வெள்ளிக்கெழம, பத்தரைக்கு ராகுகாலம். பஸ்ஸு வேற லேட்டு. உங்களுக்குக் காலு தரயில நிக்கல. ராகுகாலம் பொறக்கறதுக்குள்ள தட்டு கை மாறணும்னு தவிக்கறீங்க. சூளை வேல நடக்குதுன்னு கம்பெனியில லீவு உட்டதால நீலா வூட்டுல இருந்தா. ‘அவங்க இல்லாட்டி என்னா, வூட்டுல நீ இருக்கறியேம்மா, நீ வாங்கிக்க’ன்னு கெழக்கப் பாத்து நிக்க வச்சி, அவ முந்தானய ஏந்தச் சொல்லிக் குடுத்தீங்க. கெணத்தடியில நான் காது குடுத்துக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தன்.

நாடகக்காரங்க பழக்கம் உங்களுக்குத் தெரியாததா? நடிகன் வூட்டுல இல்லன்னா தாம்பூலம் பொண்டாட்டி கையில குடுத்தாத்தான் செல்லும். அண்ணன் தம்பி கையில குடுத்தா செல்லாது. வேலக்காரி கையில குடுத்தா செல்லாது. வாடகைக்கு இருக்கறவங்க கையில குடுத்தா செல்லவே செல்லாது. பொண்டாட்டி வாங்கிட்டா புருஷன் வாங்குன மாதிரி. அதுக்கப்பறம் ஒரு நெபந்தனையும் போடக்கூடாது, வாய்தாவும் கேக்கக்கூடாது. ஆக, குடும்பக்காரி இல்லன்னு பெஞ்சுலேருந்து எழுப்புன அதே கையி, குடும்பக்காரின்னு சொல்லித் தட்டக் குடுத்துட்டு நிக்குது. நான் சொன்னா தமாஷு. நீங்க செஞ்சது என்னாண்ணே?

நான் ஒண்ணும் உங்களக் கட்டிப் போடல. தட்டு இதோ, உங்க கைக்குப் பக்கத்துலயே வைக்கறன். இவ கையில குடுத்தது செல்லாதுன்னா எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. இந்த ஊரு சாமி பழமலநாதன் சத்தியமா ஒரு வார்த்த பேசமாட்டன். செல்லும்னா தட்டு இங்க இருக்கட்டும், நான் வரன், அவளும் வருவா, மேடயில எப்பவும் சொல்றதத்தான் சொல்லுவன். என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு எடுக்கறதுக்கு உங்களுக்குக் கூச்சமா இருக்கும். இந்தா, நான் செவுத்தப் பாத்துத் திரும்பி நின்னுக்கறன்.

எனக்கு அந்த மேட வேணும்ண்ணே. பொய் சொல்லமாட்டன். ரெண்டு வருஷமா அவ பொம்மைக்குக் கண்ணு வரைஞ்சி கொண்டாந்து போடுற சோத்தத்தான் திங்கறன், அதுல ஒரு கொறையும் இல்ல. ஆனா பந்தல் நெறய சனம் சிரிக்கற சத்தம் கேக்காம என்னால இருக்க முடியல. தனியா ஒக்காந்து கண்ணாடிகிட்ட வசனம் பேசுறன், அவ பாக்காதப்ப. அம்மாம் வேணும் எனக்கு. அதுக்காக, அந்த அடுப்படியில நின்னுக்கிட்டு இத்தனயும் கேக்குறாளே, அவள தமாஷுன்னு சொல்லச் சொன்னா நான் சொல்லமாட்டன். எம் பொழப்புல தமாஷு இல்லாதது அவ ஒருத்திதான்.

எடுத்தாச்சா? அண்ணே... என்னா, ஒரு சத்தத்தயும் காணும்? திரும்பலாமா?

திரும்பறன்.

...

நீலா. ஏ நீலா, இங்க வா. அந்த மனுஷன் போயிட்டாரு. செருப்பக் கையில தூக்கிக்கிட்டுல்ல போயிருக்காரு, சத்தம் வரக்கூடாதுன்னு. தெருக்கோடியில பாரு, வேட்டியத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு எப்பிடி ஓடுறாருன்னு. தருமகர்த்தா ஓட்டம்.

தட்டப் பாரு. வெத்தல கூட கலையல. டீயயும் சுத்தமாக் குடிச்சி முடிச்சிட்டுத்தான் போயிருக்காரு.

ஏன்டி அழுவுற? அழுவுறதுக்கா நான் இம்மாம் நேரம் தொண்டத் தண்ணி வத்த வத்தப் பேசுனன்? மொகத்தத் தொட. போயி அந்தப் பச்சப் பொடவய எடுத்து வெயில்ல போடு. ரெண்டு வருஷமா பொட்டிக்குள்ள கெடந்து நாத்தம் அடிக்கும். மொத பெஞ்சுல ஒக்காரப் போறவ.