சவேனி கரும்புக் காட்டில் ஆயில் கறை

நமாகாவில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் சிவன் மகன் பல்ராம், வயது 54, இன்று 11.8.2000 வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தானாகவே போலீஸ் நிலையத்துக்கு வந்து தமிழில் சொன்னது:

நான் என் மனைவி இந்திராவதியுடன் பட்டறைக்குப் பின்னால் குடியிருக்கிறேன். முப்பது வருடமாக கார் ரிப்பேர் செய்து வருகிறேன். சவேனியில் குத்தகை நிலத்தில் கரும்பு போட்டிருந்த யோகேந்திராவை எனக்கு நன்றாகத் தெரியும். குத்தகை முடிந்துவிட்டது, மே மாதம் துப்பாக்கிக்காரர்கள் பாராளுமன்றத்தில் புகுந்த பிறகு இங்கே இருக்கவும் மனமில்லை என்று, அவர் குடும்பத்தோடு நியூசிலாந்து போக ஏற்பாடு செய்தார். நாளை அவர்களுக்கு விமானம். போன செவ்வாய்க்கிழமை அந்த நிலத்துக் கரும்பு எரிந்தது. போகிற ஆத்திரத்தில் அவரே கொளுத்தினார் என்று புதன்கிழமை அவரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். தீ தொடங்கிய வரப்போரம் ஆயில் கறை இருந்ததும், அவர் கார் ஆயில் குடிக்கும் என்று ஊருக்கே தெரிந்ததும்தான் அதற்குக் காரணம் என்று கேள்விப்பட்டேன்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்கிறேன். பத்தொன்பது வருடப் பழைய கார். அதை விற்கலாம் என்று ஜூலை மாதம் யோகேந்திரா என்னிடம் கொண்டுவந்து, "அண்ணே, வாரம் ஒரு போத்தல் ஊத்துறேன், எங்கதான் போவுதுன்னு தெரியலே" என்றார். நான் முதலில் இன்ஜினை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவித் துடைத்தேன். அதன் பிறகு அடியில் வெள்ளை அட்டையை விரித்து, ஒரு நாள் முழுக்க வண்டியை நிறுத்தி வைத்தேன். அட்டையில் ஒரு சொட்டுகூட இல்லை. அதன் பிறகு குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தபோது பின்னால் நீலப் புகை வந்து, கொஞ்ச நேரத்தில் நின்றது. பிளக்கைக் கழற்றினால் ஆயில் ஈரம். கம்ப்ரெஷன் பார்த்தேன். சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன். இரண்டு தடவையும் அளவு ஒன்றாகவே இருந்ததால் ரிங் தேயவில்லை, வால்வு சீல்தான் போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அதாவது அந்தக் கார் ஆயிலை எரிக்கும், தரையில் ஒழுக விடாது. வரப்பில் இருந்த கறை அதனுடையது இல்லை. அட்டையைக் கொண்டுவந்திருக்கிறேன்.

நேற்று மாலை யோகேந்திராவின் மனைவி ரோஷ்னி பட்டறைக்கு வந்து, "மாமா, நீங்க போயி சொல்லுங்க. அந்த வண்டி ஒழுகாதுன்னு உங்களுக்குத்தானே தெரியும்? வேற யாரு சொன்னாலும் நம்ப மாட்டாங்க" என்று அழுதார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அதிகாரி, "அப்படியானால் அது யார் வண்டி ஆயில்?" என்று கேட்டார்.

என் வேனுடையது. கிராங்கின் பின்பக்க சீல் போய், நின்ற இடத்திலெல்லாம் ஆயில் ஒழுகத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. ஊர் வண்டிக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவன் சொந்த வண்டியைப் பார்க்க மாட்டான் என்று இந்திராவதி கேலி செய்வாள். என் தகப்பனார் அந்த நிலத்தில் கரும்பு வெட்டியவர். வரப்பு மூலையில் மாரியம்மனுக்கு ஒரு கல் நட்டு வைத்தார். வருடா வருடம் ஆடிச் செவ்வாய்க்கு நான் போய் மஞ்சள் பூசி, ஒரே ஒரு கட்டி கற்பூரம் ஏற்றிவிட்டு வருவேன். சுற்றிலும் கிடக்கும் காய்ந்த கரும்புச் சோகையை யோகேந்திரா முன்கூட்டியே கூட்டி வைத்திருப்பார். இந்த வருடம் அவர் சாமான் கட்டிக்கொண்டிருந்ததால் யாரும் கூட்டவில்லை. நானும் என் மகனோடு இருக்க ஆக்லாந்து போக எழுதிப் போட்டிருக்கிறேன். இனி இந்தக் கல்லுக்கு யார் விளக்கு வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். போன செவ்வாய்க்கிழமை வேனை வரப்போரம் நிறுத்திவிட்டு, ஒரு கட்டிக்குப் பதிலாக டப்பாவில் இருந்த அத்தனையையும் கொட்டி ஏற்றினேன். அப்போது மணி நான்கு இருக்கும். காற்றும் இருந்தது.

அது அணையும்வரை நான் நிற்கவில்லை. மெயின் ரோட்டில் ஏறியதும் கண்ணாடியில் புகை தெரிந்தது. திரும்பிப் போயிருந்தால் நாலு பேரைக் கூப்பிட்டு அணைத்திருக்கலாம். ரோட்டில் சிப்பாய்கள் வண்டிகளை நிறுத்திக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. நேரே வீட்டுக்குப் போனேன். யோகேந்திராவைப் பிடித்தது தெரிந்த பிறகும் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. அதை நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் கொளுத்தவில்லை, நான் அங்கே போனதும் அவருக்குத் தெரியாது. வேன் வெளியே நிற்கிறது. அடியில் ஒரு அட்டை போட்டுப் பாருங்கள்.

ஆக்லாந்து போவதற்கு என் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் சான்றிதழ் கேட்டு, போன மாதம் இதே நிலையத்தில் மனு கொடுத்தேன். அந்த மனுவை இன்று திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

எழுதியதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. இதில் உள்ளது எல்லாம் நடந்தது நடந்தபடி. கையெழுத்துப் போடும் முன் ஒன்று கேட்டேன்: யோகேந்திராவை இன்றே விட்டுவிடுவீர்களா? அதையும் எழுதச் சொன்னேன்.

(ஒப்பம்) சி. பல்ராம்