நான் திரைத்துணியில் போட்ட ஓட்டை

அவைத்தலைவர் டாக்டர் அருள்பிரகாசம் அவர்களே! கல்மண்டபத்துப் பெரியோர்களே! நெட்டுக்குப்பத்திலிருந்து கைப்பிள்ளைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே! இன்று பரிசு பெறும் என் தோழி, என் பொறாமைக்குரிய நர்ஸ் ரோஸ்மேரி அவர்களே! நர்ஸ் பிலோமியின் வணக்கம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். மாலை அவள் மார்பில், மனப்புழுக்கம் என் மார்பில்!

பிரசவ வார்டில் தாய்மார்கள் பிள்ளையை எப்படிப் பேணுகிறார்கள் என்று பார்த்து எழுதும் ஆராய்ச்சியில் இருவரும் இறங்கினோம். அவள் எப்படிப் பார்த்தாள்? கட்டில் கட்டிலாகப் போய், "உங்களைப் பார்த்து எழுதலாமா அம்மா?" என்று கேட்டுவிட்டுப் பார்த்தாள். நான் எப்படிப் பார்த்தேன்? திரைத்துணியில் ஓட்டை போட்டு ஒளிந்து பார்த்தேன்! சொல்லிவிட்டுப் பார்த்தால் நடிப்பார்களே, நடிப்பையா எழுதுவது என்று அவளை எள்ளி நகைத்தேன். அவளோ, தாய்மார்களுக்குக் கூச்சம் தெளியாத முதல் மூன்று நாள் குறிப்பை அப்படியே ஒதுக்கிவிட்டாள்.

ஒருநாள், தனியாக இருப்பதாக நினைத்து, ஒரு தாய் ஒரு காரியம் செய்தாள். பிள்ளைக்குத் தீங்கில்லை, வெளியே தெரிந்தால் அவள் வாழ்வுக்குத் தீங்கு. நான் ஒளிந்து பார்த்தேன், எழுதினேன். ரோஸ்மேரி பார்க்கவில்லை. ஆனால் அந்தத் தாயே அவளிடம் வந்து சொன்னாள்! "இத்த மட்டும் எய்தாதம்மா, வூட்ல தெரிஞ்சா பேஜாராப் பூடும்" என்று அழுதாளாம். ரோஸ்மேரி எழுதவில்லை. "தாய் சம்மதிக்கவில்லை" என்று குறித்து, பக்கத்தை வெறுமையாக விட்டாள்.

வெறும் பக்கம் விட்டவளுக்குப் பரிசு! விடாமல் எழுதியவளுக்கு மூலை! நியாயமா? எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் காரியம் என்னவென்று இந்த மேடையில் போட்டு உடைக்கவே வந்தேன். இதோ என் நோட்டுப் புத்தகம்!

என்ன ஐயா, பின்வரிசையில்? "சொல்லும்மா, சும்மா சொல்லு" என்கிறீர்களா?

சொல்லத்தான் படியேறினேன். ஏறும் முன்பு எத்தனையோ தாய்மார்கள் என் கையைப் பிடித்தார்கள். அவர்களில் அந்தத் தாயும் ஒருத்தி. "நல்லா கீறீங்களா நர்சம்மா?" என்றாள். நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது. திரும்பித் தேடாதீர்கள்! யாரென்று கேட்காதீர்கள்! என் ஓட்டை வழியே இனி ஒரு கண்ணும் பார்க்க வேண்டாம்.

இதோ, அந்தப் பக்கத்தைக் கிழிக்கிறேன். கை தட்டாதீர்கள், எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ரோஸ்மேரி, பொறாமை தீர்ந்ததா என்கிறாயா? தீரவில்லையடி! பரிசுக்காக அல்ல. நான் திருடித் தெரிந்துகொண்டதை, அவள் தானாக வந்து உன்னிடம் சொன்னாளே, அதற்காக!

பேசவிட்ட சபைக்கு நன்றி. கேட்டுவிட்டுப் பார்க்கும் கண்களுக்கு என் வணக்கம்!