இரண்டாவது ஒப்புதல்

—காப்பு நகல் எடுக்கிறது வியாழக்கிழமை. இன்னிக்குத் திங்கள். முதல்ல இதுக்குப் பதில் சொல்லு, முஹன்னத்.

—டிஸ்க் பழசாயிருச்சு, இப்திஹால் அக்கா. எப்ப வேணாப் படுத்துடும். முன்கூட்டியே எடுத்து வச்சா நல்லதுதானே?

—எடுத்தா முழுசா எடுக்கணும். நீ கேட்டிருக்கிற கணினிச் சாவி அவசரப் பிரிவுப் பதிவேட்டை மட்டுந்தான் திறக்குது. அதுலயும் அந்தப் பத்து நாளை மட்டும். டிஸ்க் என்ன, பத்து நாளுக்கு மட்டும் பழசாயிருச்சா?

—ஆஸ்பத்திரி இயக்குநரே காலையில ஒப்புதல் கொடுத்துட்டார். இரண்டாவது ஒப்புதலை நீங்க அமுக்க வேண்டியதுதான் பாக்கி. ஒரு மணி நேரத்துல சாவி தானாச் செத்துப்போகும். யாருக்கும் ஒண்ணும் ஆகாது.

—அவர் நாலு வருஷமா எதையும் படிச்சுப் பார்த்து அமுக்கினதில்ல. பேத்தி அனுப்புற பூனைப் படத்துக்கும் சர்வர் சாவிக்கும் அவருக்கு ஒரே விரல்தான். அதனாலதானே இரண்டாவது ஆளும் பார்க்கணும்னு சண்டை போட்டு விதி போட வச்சேன்?

—அந்த விதியைக் கணினியில ஏத்தினவன் நான்தான், அக்கா. டீ ஆறுது, குடிங்க.

—டீ கிடக்கட்டும். அந்தப் பத்து நாள்ல யார் யார் வந்தாங்கன்னு உனக்குத் தெரியாதா? சதுக்கத்துப் போராட்டத்துல குண்டடி பட்டு, டுக்டுக் ஆட்டோவுல அள்ளிப் போட்டுக்கிட்டு வந்தாங்களே, அந்தப் பையனுங்க! தரையில கிடத்தி வச்சு நீயும் நானும்தானே எழுதினோம்? பேரு, அப்பன் பேரு, தாத்தன் பேரு, வீடு, கூட வந்தவனோட போன் நம்பர்...

—நானூத்துப் பதினோரு பேர்.

—எண்ணியே வச்சிருக்கே. அப்ப இது காப்பு நகல் இல்ல.

—அப்பாஸ் மேல ஆணையா, அக்கா...

—வேணாம்! பொய்க்கு அந்தப் புனிதர் பேரை இழுத்தா கை விளங்காமப் போயிடும், உங்கம்மாவைக் கேளு. யார் கேட்கச் சொன்னாங்க?

—கறுப்பு வண்டியில துப்பாக்கியோட சுத்தறவங்க. வெள்ளிக்கிழமை வந்து கர்ராரைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.

—உன் தம்பியையா? சமூன் ரொட்டிக் கடையைத் தாண்டி எங்கயும் போகாதவனாச்சே!

—போகாதவனைத்தான் தூக்கறது சுலபம். இன்னிக்கு மதியத்துக்குள்ள விண்ணப்பம் போடணும்னாங்க. போட்டுட்டேன்.

—பாவி, ரெண்டு நாளாப் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்து என் சோத்துல பங்கு கேட்டுச் சாப்பிட்டியே! ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?

—அமுக்கிடுங்க, அக்கா. உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன்.

—எழுந்திரு. கண்ணாடிக் கதவு, வெளியில பார்க்கிறாங்க. எழுந்திருன்னா!

—நீங்க அமுக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்.

—கண்ணு போன பையனோட அம்மா, பேரை மாத்தி எழுதச் சொல்லித் தன் வளையலைக் கழற்றி உன் கையில வச்சாங்க, ஞாபகம் இருக்கா? "எங்களைத் தாண்டி யாரும் பார்க்க முடியாது, தாயே"ன்னு திருப்பிக் கொடுத்தது நீதான். அன்னிக்கு நான் உன்னைப் பெருமையாப் பார்த்தேன்.

—அதெல்லாம் இப்ப எதுக்கு? இயக்குநர் மாதிரி ஒரே ஒரு தடவை, படிக்காம அமுக்கிடுங்க.

—படிச்சாச்சே.

—சரி, அப்படியே விட்டுடுங்க. அமுக்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம்.

—விட்டா அது மூணு மணிக்குத் தானாத் துணை அதிகாரிகிட்டப் போகும். அவன் கண்ணை மூடிக்கிட்டு அமுக்குவான். மறுத்தாத்தான் நிக்கும். நீ ஏத்தின விதியை எனக்கே மறைக்கிறியா?

—மறுத்தா உங்க பேர் பதிவுல விழும், அக்கா! பேர், நேரம், காரணம், எல்லாம் விழும்!

—விழட்டும். மறுக்கிறவன் பேரோடதான் மறுக்கணும்னு நான்தானே கேட்டு வாங்கினேன்? காரணம்... "நோயாளிகளின் பதிவேடு வெளியாருக்கு உரியதன்று."

—வேண்டாம்! அந்த மவுஸை இப்படிக் கொடுங்க!

—கையை விடு, முஹன்னத். விடுன்னு சொல்றேன்... ஆச்சு. மறுத்தாச்சு. அழாதே. என் மச்சான் வக்கீல், அவனுக்கு ரெண்டு பெரிய ஆளுங்களைத் தெரியும். கர்ராரை மீட்க வேற வழி பார்ப்போம். போய் முகத்தைக் கழுவிட்டு வா.

—இனி எதுக்கு, அக்கா...

—உன் போன் அடிக்குது. எடு.

—ஹலோ... கர்ரார்? எங்கேடா இருக்கே?... தெருமுனையிலயா? நடக்க முடியுதா?... சரி, நேரா அம்மாகிட்டப் போ. திரும்பிப் பார்க்காமப் போ.

—அல்ஹம்துலில்லாஹ்! விட்டுட்டாங்களா! ஆனா சாவி கைக்குப் போகலையே, எப்படி விட்டாங்க?

—சாவி அவங்களுக்கு எதுக்கு? பட்டியல் போன மாசமே அவங்க கைக்குப் போயிருச்சு. தேடிப் போன வீடெல்லாம் பூட்டிக் கிடந்துச்சாம். இங்கேருந்து யாரோ அந்த வீட்டுக்காரங்களுக்கு முன்னாடியே தகவல் சொல்லியிருக்காங்க, அது யாருன்னு தெரியணும்னாங்க. இந்த விண்ணப்பத்தை மறுக்கிறவங்கதான் அந்த ஆளுன்னு முடிவு பண்ணிட்டு, காலையிலேருந்து இயக்குநர் அறையில உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கிட்டிருக்காங்க.

—அப்ப ஏன்டா அமுக்கு அமுக்குன்னு என் காலைப் பிடிச்சே?

—விஷயத்தைச் சொல்ல வாய் வரல, அக்கா, கெஞ்சத்தான் வந்துச்சு. நீங்க அமுக்கியிருந்தா நீங்க தப்பிச்சிருப்பீங்க, கர்ரார் வந்திருக்க மாட்டான்.