ஒன்பது செக்கன்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, கப்டன் சஜீத் அவர்களே, மௌலவி அவர்களே, துறைமுகத்துத் தோழர்களே, குறிஞ்சாக்கேணியில் இருந்தும் கப்பல்துறையில் இருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் சபையோரே, உங்கள் எல்லாருக்கும் இராசதுரையின் வணக்கம். நம்மை விட்டுப் போன மர்ஹூம் ஜெமீல் அவர்களின் மகள் இன்ஷிரா முன்வரிசையில் போனை உயர்த்திப் பிடித்தபடி இருக்கிறா. மனிசன் போனதால் வெளியில் வராமல் இத்தா இருக்கும் தாய் பரீதா வீட்டில் இருந்து கேட்கிறாவாம். பரீதா தங்கச்சி, இன்றைக்கு நான் கதைக்க வந்தது முக்கியமாக உங்களோடுதான்.

எனக்கு முன் பேசியவர்கள் கடதாசி பார்த்துப் பேசினார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் நடந்தது எதுவும் மறக்கவில்லை. மறந்திருந்தால் இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் வரத் தேவையில்லை.

கப்டன் ஐயா சற்று முன் ஜெமீலைப் புகழ்ந்து புகழ்ந்து, கடைசியில் ஒரு பகிடியும் விட்டார். "ஜெமீலின்ட வேலையில ஒரேயொரு குறை, அந்த ஒன்பது செக்கன்" என்றார். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். அன்பாகத்தான் சிரித்தீர்கள். இன்ஷிரா சிரிக்கவில்லை. நான் பார்த்தனான்.

அந்த ஒன்பது செக்கன் தாமதம் எங்கே இருந்து வந்தது? யாருக்காவது தெரியுமா? ஜெமீலுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். இப்போது நான் மட்டும்தான் மிச்சம்.

'நீலமணி' இழுவைப் படகில் இருபது வருஷம் எஞ்சின் அறையில் நின்றவன் நான். அப்போது மேலே அந்தக் காலத்துப் பழைய கப்டன் மணி அடிப்பார். ஒன்று அடித்தால் முன்னுக்கு, இரண்டு அடித்தால் பின்னுக்கு. கீழே நான் இரும்புக் கைபிடியைப் பிடித்து இழுப்பேன். படகு அசைந்தால் அது என் கையால் அசைந்தது. படகு கட்டும் ஜெற்றியில் நிற்கிறவர்கள் "இராசதுரை வாறான்" என்பார்கள், "நீலமணி வருது" என்று சொல்லமாட்டார்கள்.

அதற்குப் பிறகு ஜெமீல் வந்தார். ஓர் ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை. வெள்ளைச் சேட்டு, நெஞ்சுப் பையில் இரண்டு பேனை. அவர் பொருத்தியது இதுதான்: மேலே ஒரு சாண் நீளத்தில் சின்னக் கைபிடி, நடுவில் வயர், கீழே ஒரு பெட்டி. கப்டன் மேலே விரலால் தள்ளினால், பெட்டி அந்தக் கட்டளையை வாங்கி, ஒரு மோட்டரால் என் கைபிடியைத் தள்ளும். முதல் தடவை அது யாரும் தொடாமல் தானாக அசைந்தபோது மேலே எல்லாரும் கை தட்டினார்கள். நான் கீழே தனிய நின்றனான். சபையோரே, என் சீவியத்தில் ஒரு மனிசனில் அப்படிப் பொறாமைப்பட்டது கிடையாது.

அவருடைய வெள்ளைச் சேட்டில் பொறாமை. கப்டன் அவரைப் பக்கத்தில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்ததில் பொறாமை. இருபது வருஷமாக எனக்கு வராத தேத்தண்ணி அது. இரண்டு கிழமையில் எல்லாருடைய வாயிலும் 'ஜெமீல் பெட்டி' என்று வந்துவிட்டது. இராசதுரையின் பெயரைக் காணவில்லை.

ஆனால் ஒன்று என் கையில் மிஞ்சி இருந்தது. காலையில் எஞ்சினைக் கீழே நான்தான் எழுப்ப வேண்டும். பிறகு மேலே கப்டன் எஞ்சினை ஓட்டும் பொறுப்பைக் கேட்டு ஒரு பொத்தானை அமத்துவார். கீழே சத்தம் கேட்கும். நான் என்னுடைய பொத்தானை அமத்திச் சம்மதம் கொடுத்தால்தான் மேலே பச்சை விளக்கு எரியும், அவருடைய கைபிடி வேலை செய்யும்.

சத்தம் கேட்கும். நான் துணியை எடுப்பேன். கை துடைப்பேன். வலது கை, இடது கை, விரல் விரலாக. எண்ணெய்க் கையால் புதுப் பொத்தானைத் தொடக் கூடாது என்பது என் நியாயம். அதற்குப் பிறகுதான் அமத்துவேன். கேட்டு வாங்கட்டும், காத்திருந்து வாங்கட்டும் என்ற எண்ணம்.

ஒரு மாதத்தில் கப்டனுக்குக் கோபம் வந்துவிட்டது. என்னுடைய முறையில் மட்டும் விளக்கு பிந்துகிறது என்று கண்டுபிடித்து ஜெமீலைக் கூப்பிட்டார். ஜெமீல் கீழே வந்து என் பக்கத்தில் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தம் கேட்டது. நான் கை துடைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, துணியைப் பார்த்தார். ஒன்பது செக்கன்.

அந்த நேரம் படிக்கட்டால் கப்டன் இறங்கி வந்து, "ஆள்தான் பிழையெண்டா இண்டைக்கே கரையில ஏத்திருவன்" என்றார்.

"ஆள் இல்ல கப்டன். என்ட பெட்டிதான் சில நேரம் முந்துது, சில நேரம் பிந்துது" என்றார் ஜெமீல். "எஞ்சின் அடங்கி நிக்க ஒன்பது செக்கன் வேணும். அப்பிடித்தான் வைக்கணும்."

கப்டன் போன பிறகு ஜெமீல் பெட்டியைத் திறந்து, உள்ளே எதையோ திருகி மூடினார். "இராசதுரை அண்ணன், இனி ஆறுதலாக் கை துடைங்க" என்றார்.

அடுத்த நாள் நான் பயத்தில் சத்தம் கேட்ட உடனேயே அமத்தினேன். மேலே விளக்கு ஒன்பதாவது செக்கனில்தான் எரிந்தது. யார் நின்றாலும், எவ்வளவு முந்தி அமத்தினாலும், ஒன்பது. அப்போதுதான் விளங்கியது. என்னை யாரும் கண்டுபிடிக்க ஏலாதபடி என் குற்றத்தை எடுத்துத் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்!

இன்னும் இருக்கிறது. துறைமுகத்தின் மற்ற இரண்டு படகுகளுக்கும் பெட்டி பொருத்தும் வேலை வந்தது. சோதித்துப் பார்க்க வந்தவர்கள் ஒன்பது செக்கனை எண்ணிச் சிரித்தார்கள். வேலை கொழும்பு ஆட்களுக்குப் போனது. ஜெமீல் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேனா? இல்லை. அன்றைக்கு எனக்குச் சந்தோஷம். அதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டில் போய் இரண்டு கோப்பை சோறு கூடச் சாப்பிட்டனான்.

பரீதா தங்கச்சி, உங்கள் மனிசனின் வேலையில் குறை இல்லை. இருபத்திரண்டு வருஷமாக இந்தத் துறைமுகம் சிரித்தது என்னைப் பார்த்து. அந்தச் சிரிப்பை அவர் வாங்கிக்கொண்டார்.

பெட்டியை இப்போது பார்க்கிற கஜீபன் தம்பியிடம் போன கிழமை, "அந்த ஒன்பதை எடுத்துவிடு" என்றேன். "ஜெமீல் சேர் காரணம் இல்லாம வைச்சிருக்கமாட்டார் ஐயா, நான் தொடமாட்டன்" என்றார். காரணம் இருந்தது தம்பி. காரணம் இப்போது உங்கள் முன்னால் நிற்கிறது.

அவருடைய பணியைத் தொடருவோம் என்று எல்லாரும் உறுதி சொன்னீர்கள். எழுபத்தாறு வயதில் எனக்குச் செய்ய ஏலுமானது ஒன்றுதான். நாளைக் காலை கஜீபன் அந்தத் திருகியதைத் திருப்பட்டும். கப்டன் ஐயா மேலே ஏறிப் பொறுப்பைக் கேட்கட்டும். நான் கீழே நிற்பேன். துணி கொண்டுவரமாட்டேன். சத்தம் கேட்ட உடனே அமத்துவேன்.

விளக்கு எரிந்ததும், கப்டன் ஐயா, எஞ்சின் அறைக்கும் கேட்கிற மாதிரி ஒருதரம் சத்தமாகச் சொல்லுங்கோ, ஜெமீலின் பெட்டியில் பிழை இல்லை என்று. இன்ஷிரா பிள்ளை பக்கத்தில் நின்று தாய்க்கும் கேட்கப் பண்ணட்டும்.

நானும் கேட்பேன். பொறாமையோடுதான் கேட்பேன். ஆனால் கடைசி வரைக்கும் நின்று கேட்பேன்.