மாமனாரின் மைல்கள்

ஜன்னல் ஓர இருக்கையை நான் எப்போதும் பிறருக்கு விட்டுக்கொடுத்துவிடுவேன். அன்றும் மாமனாரைத்தான் அங்கே உட்காரவைத்தேன். விமான நிறுவனத்தின் மைல் கணக்குப் பிரிவிலிருந்து விசாரிக்க வந்திருக்கிறீர்கள், ஐயா. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் பம்பு உதிரிப்பாகம் விற்கிறவன். அலுவலகத்தில் மேலாளருக்கு நான் "யோவ்". வீட்டில் "இங்க பாருங்க". அடிக்கடி பறக்கிறவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் தங்க அட்டையை நீட்டினால் மட்டும் முன்பின் தெரியாத ஒரு பெண் எழுந்து நின்று "வாங்க சார்" என்பாள். வரிசையில் நிற்க வேண்டாம், ஓய்வறையில் ஓசிக் காபி. இதற்காக ஒரு மனிதன் எவ்வளவு கீழே இறங்குவான் என்று சந்தேகம் வந்தால், என்னை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டை கையில் தங்க வருடத்துக்கு இத்தனை மைல் பறந்திருக்க வேண்டும்; அந்த வருடம் கொஞ்சம் குறைந்தது. கணக்கு முடிகிற கடைசி நாளும் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் மாமனாரை எங்களோடு வைத்துக்கொள்ள அழைத்துவரப் போயிருந்தேன். அவருக்கு ஏற்கெனவே இதயக் கோளாறு.

"அப்பாவ நேரா வர்ற பிளைட்லயே கூட்டிட்டு வாங்க. அலைய விடாதீங்க" என்று மனைவி படித்துப் படித்துச் சொன்னாள்.

எதிர்த்திசையில் ஓர் ஊருக்குப் பறந்து, அங்கே விமானம் மாறி வந்தால் இரட்டிப்பு மைல். குடும்பக் கணக்கு என்பதால் அவருடையதும் என்னிடம் சேரும். நேர் விமானத்தில் இடமில்லை என்று அவளிடம் சொன்னேன். அது பாதி காலியாகப் போனது.

"என்ன மாப்ள, பக்கத்துத் தெருவுக்குப் போக ஊரையே சுத்துற மாதிரி இருக்கு?" என்றார் மாமனார், முதல் விமானம் மேலேறியதும்.

"ஊர் சுத்திக் காட்டுறேன் மாமா."

"பொண்ணு பார்க்க வந்தப்ப என் தலையச் சுத்த வச்சீங்க. இப்ப ஊரா?"

இருவரும் சிரித்தோம். சிரித்து முடிப்பதற்குள் அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"மாப்ள, நெஞ்ச அமுக்குது."

"வாயு மாமா. மேல வந்தா எல்லாருக்கும் இப்படித்தான்."

பணிப்பெண் குனிந்து பார்த்தாள். "டாக்டர் யாராவது இருக்காங்களான்னு கேக்கட்டுமா சார்?"

டாக்டர் வந்தால் இறங்கியதும் ஆஸ்பத்திரி என்பார். அடுத்த விமானம் போய்விடும், அட்டையும் போய்விடும். வேண்டாம் என்றேன். அவள் நகராமல் அவரையே பார்த்தாள்.

"மாப்ள சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்றார் அவர்.

எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். எதுவும் ஒட்டியதில்லை. இந்த ஒரு வார்த்தை மட்டும் சாப்பாட்டுத் தட்டுவரைக்கும் கூடவே வந்து உட்காருகிறது.

விமானம் மாறும்போது அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். அவர் என் விரலைப் பிடித்திருந்தார். இரண்டாவது விமானம் மேலேறிய கொஞ்ச நேரத்தில் அந்தப் பிடி விட்டது. எனக்குப் புரிந்தது. வாயைத் திறந்தால் விமானத்தைத் திருப்பிவிடுவார்கள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிவைத்தேன்.

"அப்பா தூங்குறாரா சார்?" என்று கேட்டாள் வேறொரு பணிப்பெண்.

"ஆமாம்மா."

அவள் கொடுத்த காபியைக் குடித்தேன். தரையிறங்கி எல்லோரும் எழுந்த பிறகுதான் பதறினேன். நன்றாகவே பதறினேன்.

"தூக்கத்துலயே போயிட்டாரு. கடைசியில நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களே" என்று மனைவி என் தோளில் சாய்ந்து அழுதாள். என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் இன்றைக்கு நான் தூங்கிக்கொண்டிருப்பேன், ஐயா.

அவர் எங்கே இறந்தார் என்றுதானே கேட்டீர்கள்? இரண்டாவது விமானத்தில். டாக்டரைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார். நான்தான் சாகவிட்டேன். ஆகவே அந்த விமானத்துக்கு அவர் பெயரில் கேட்ட மைலைக் கழித்துவிடுங்கள். அடுத்தவரை ஏமாற்றிச் சேர்க்கிற புத்தி எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. முதல் விமானத்தில் அவர் இறங்கும்வரை உயிரோடுதான் வந்தார். அதை மட்டும் சேர்த்துக்கொடுங்கள்.