ஒச்சாண்டியின் ரிமோட்

கரண்ட் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் சொல்லிவிடுகிறேன். நெருங்கி உட்காருங்கள். நடுவில் எவனாவது "ரீல் விடாத" என்றால் எழுந்து போய்விடுவேன். என் குணம் தெரியும்.

இது என் கூட்டாளி செல்வமணியின் மச்சானுக்கு நடந்தது. பெயர் பால்பாண்டி. உத்தமபாளையத்தில் டிஷ் மாட்டுகிற வேலை. ரெண்டாயிரத்து ஒன்பது, மார்கழி மாதம். சாயங்காலம் ஏழு மணி. ராயப்பன்பட்டி ரோட்டில் தனியாக பைக்கில் போகிறான்... இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். பந்தலுக்கு அடித்த மருந்து வாடை மூக்கில் ஏறுகிறது. எதிரே ஒரு வண்டி கிடையாது.

மாரீஸ்வரி என்று ஒரு பெண் போனில் கூப்பிட்டிருந்தாள். "தம்பி, பாக்ஸுல அந்தக் கண்ண மறுபடி சேத்துக் குடுங்க. இன்னைக்கே வாங்க."

போன வருஷம் அந்தக் கண்ணை மாட்டிக் கொடுத்ததே பால்பாண்டிதான். அவள் புருஷன் ஒச்சாண்டி, ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் கவிழ்ந்து கழுத்துக்குக் கீழே உணர்வு போய்ப் படுத்துவிட்டார். பேச்சும் போயிற்று. வலது கைக் கட்டைவிரல் மட்டும் அசையும். பிள்ளைகள் இல்லை. அவர் படுத்திருந்த உள்ளறையில் ஒரு சின்ன டிவி, கூடத்தில் ஒரு டிவி. பாக்ஸ் ஒன்றே ஒன்று, அது கூடத்தில். அதனால் பாக்ஸிலிருந்து ஒயர் இழுத்து, நுனியில் ரிமோட்டை வாங்குகிற, மொச்சைக்கொட்டை அளவு கண் ஒன்றைக் கட்டிலுக்கு மேலே மாட்டினான். அவர் உள்ளே இருந்து ரிமோட்டை அமுக்கினால் கூடத்தில் பாக்ஸ் கேட்கும்.

புருஷனும் பெண்டாட்டியும் அதற்கு வேறு பழக்கம் வைத்துக்கொண்டார்கள். ஒன்று அமுக்கினால் தண்ணீர் வேண்டும். இரண்டு என்றால் புரட்டிப் படுக்க வை. மூன்று என்றால் பக்கத்தில் வந்து உட்கார். கூடத்தில் ஓடுகிற படம் அறுந்து, மூலையில் அந்த நம்பர் வந்து நிற்கும். அவள் போட்டது போட்டபடி ஓடுவாள்.

ஒச்சாண்டி செத்து இருபது நாள் ஆகியிருந்தது. பால்பாண்டிக்கும் அது தெரியும். அவன் போய் இறங்கியபோது தோட்டத்து வீட்டில் அவள் மட்டும் இருந்தாள்.

"ஆளு இல்லாத ரூமுக்குக் கண்ணு எதுக்குக்கா?"

 மாரீஸ்வரி சொன்னாள்.

"அன்னைக்கு நாடகம் பாத்துக்கிட்டு இருந்தேன். மூணு, மூணுன்னு வந்துக்கிட்டே இருந்துச்சு. இப்பத்தான எந்திரிச்சு வந்தோம்னு எரிச்சல்ல ஒயரப் புடுங்கி விட்டுட்டேன் தம்பி. அரை மணி நேரந்தான். போயிப் பாத்தா... அவுக போயிட்டாக."

ரிமோட் அவர் கையில் இருந்தது. மறுநாள் வரைக்கும் விரலைப் பிரிக்க முடியவில்லை. அதோடேயே தோட்டத்தோரம் அடக்கம் பண்ணினார்கள்.

"பேட்டரிய மட்டும் நாந்தான் கழட்டி அந்தக் கடிகாரத்துக்குப் போட்டேன். அதுக்கு எனக்கு மனசு வந்துருக்கு பாருங்க." சுவரைக் காட்டினாள். "இன்னும் ஒரே ஒரு தடவ கூப்புடட்டும் தம்பி. நான் போயி உக்காரணும். வேற எதுவும் வேணாம் எனக்கு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் பயந்திருக்க மாட்டேன் என்கிறான்.

அவளோடு என்ன பேச? ஒயரைச் செருகினான். டிவியில் செய்தி ஓடியது. சுவரில் கடிகாரம்... டக்... டக்...

படம் அறுந்தது. மூலையில் மூன்று.

அவள் உள்ளறைக்கு ஓடினாள். வெறும் கட்டில். டெட்டால் வாடை இன்னும் போகவில்லை. மறுபடி மூன்று. மறுபடி ஓடினாள். நாலாவது தடவை வாசலில் வந்து நின்று இருட்டையே பார்த்தாள்.

"அவுக இங்கன இல்ல தம்பி. அங்கன தனியாக் கெடக்காக."

கண்ணைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அவன் பையில் இருந்த ஒயர்ச் சுருளை அதோடு சேர்த்துத் தரச் சொன்னாள். அவன் மாட்டேன் என்றான். காலில் விழுந்துவிட்டாள். சேர்த்துக் கொடுத்தான்.

"நீங்க டிவியவே பாத்துக்கிட்டு இருங்க. நம்பரு வந்தா ஒரு சத்தம் குடுங்க. நான் வர்ற வரைக்கும் போயிராதீக."

போனாள். தரையில் ஒயர் அவள் பின்னாலேயே சரசரவென்று போனது... போய்க்கொண்டே இருந்தது... நின்றது.

மூன்று.

"வந்துருச்சுக்கா."

இருட்டுக்குள்ளிருந்து அவள் குரல். "இந்தா வந்துட்டேன்யா. உக்காந்துட்டேன்." அப்படி ஒரு நிம்மதி அந்தக் குரலில்.

அதோடு முடிந்தது என்று நினைத்தான். கால் மணி நேரம் செய்தி ஓடியது. கடிகாரம்... டக்... டக்...

மூன்று.

கூப்பிட்டான். பதில் இல்லை. மறுபடி மூன்று. மூன்று. படம் வர விடாமல் மூன்று... பிறகு ஒன்று... பிறகு மறுபடி மூன்று.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஏலே பாண்டீஸ்வரா, உன்னைத்தான் கேட்கிறேன். பால்பாண்டி ஒயரைப் பிடுங்கிவிட்டான். படம் ஒழுங்காக ஓடியது. செருப்பைக்கூடப் போடாமல் பைக்கை எடுத்தவன், உத்தமபாளையம் வந்துதான் மூச்சு விட்டான்.

காலையில் தண்ணீர் பாய்ச்ச வந்தவர்கள் பார்த்தார்கள். அடக்கம் பண்ணின மேட்டின் மேல் சாய்ந்து கிடந்தாள். பக்கத்தில் அந்தக் கண். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். குரல் எழும்பியிருக்காதாம். ஆனால் உயிர் விடியற்காலை வரை இருந்திருக்கிறதாம். நேரத்தோடு ஒரு ஆள் போயிருந்தால் பிழைத்திருப்பாளாம்.

ஆக, கடைசியில் மூன்றை அமுக்கியது ஒச்சாண்டி இல்லை. நடுவில் வந்த அந்த ஒன்றாம் நம்பரையும் அவர் அமுக்கவில்லை. தண்ணீர் கேட்டிருக்கிறாள் பாவி. இவன் ஒயரைப் பிடுங்கிவிட்டு வந்துவிட்டான். அதைச் சொல்லும்போதெல்லாம் பால்பாண்டி தன் கையையே பார்ப்பான். இன்றைக்கும் அவன் வீட்டு டிவியில் சேனல் தானாக மாறினால், எழுந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவான்.

எதை வைத்து அமுக்கினாள் என்று கேட்கிறீர்கள். அவரோடு புதைத்த அந்த ரிமோட் அவள் கையில் இருந்தது. கட்டைவிரல் மூன்றின் மேல். ஆனால் மேட்டு மண்ணில் ஒரு நகக்கீறல் கிடையாது. பால் ஊற்றிக் காய்ந்த ஏடுகூட உடையவில்லை.

போலீஸ்காரர் ரிமோட்டை வாங்கித் திருப்பினார். பின்மூடியைத் தள்ளினார்... பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் ஈர மண் இருந்தது.